தொட்டால் பஞ்சு: அச்சுப் படத்தில் வெல்வெட் ஏற்றுதல்

நெற்றியில் ஒட்டும் ஸ்டிக்கர் பொட்டை விரலால் தடவிப் பாருங்கள். சிவகாசியில் அச்சாகி வரும் கல்யாணப் பத்திரிகைகள் சிலவற்றில் பிள்ளையார் உருவம் மட்டும் மெத்தென்று மேலெழுந்து நிற்கும். அதையும் தடவிப் பாருங்கள். இரண்டும் ஒரே வேலைதான். பசை பூசிய பரப்பின்மேல், ஒரு மில்லிமீட்டர் அளவில் அல்லது அதற்கும் குறைவாக நறுக்கிய நூலிழைகள் நெருக்கமாக ஊன்றி நிற்கின்றன. நெய்த வெல்வெட் துணி இதில் இல்லை. இழைத்தூளும் பசையும் மட்டுமே. கடையில் இந்தத் தூளை ஃப்ளாக் பவுடர் என்பார்கள், வெல்வெட் பவுடர் என்றும் சொல்வார்கள்.

சென்ற அத்தியாயங்களில் அட்டை வெட்டவும் அச்சு பதிக்கவும் பழகிவிட்டோம். இனி அந்த அச்சுப் படத்தில் எந்த இடத்துக்கு மென்மயிர் ஏற்றலாம், எப்படி ஏற்றலாம் என்று பார்ப்போம். ‘எப்படி’யைவிட ‘எந்த இடத்துக்கு’ என்பதே எனக்கு முக்கியம். தூள் டப்பா கைக்கு வந்ததும் பூ, இலை, பானை, கோபுரம், எழுத்து என எல்லாவற்றின்மேலும் தூவத் தோன்றும். அப்படித் தூவிய அட்டையில் எதைத் தொட்டாலும் ஒன்றுபோலவே இருக்கும். விரலுக்குச் சேதி எதுவும் கிடைக்காது. உலகத்தில் எந்தப் பொருள் தானாகவே மென்மயிரோடு இருக்கிறதோ அதற்கு மட்டும் ஏற்றுங்கள். மற்றதெல்லாம் வெறும் மையாக இருக்கட்டும்.

அப்படிப்பட்ட பொருளுக்குப் பெரம்பலூர், அரியலூர்க்காரர்கள் எங்கும் தேடிப் போக வேண்டாம். வெடித்த பருத்திக்காய் முதலாவது. ஆவணி, புரட்டாசியில் விதைத்த மானாவாரிப் பருத்தி தைப் பொங்கல் வாக்கில் வெடிக்கத் தொடங்கும். பொங்கல் வாழ்த்து அட்டைக்குக் கரும்பும் பானையும் எல்லா ஊருக்கும் பொது. பருத்தி இந்தக் கரிசல் மண்ணின் அடையாளம். இரண்டாவது, கோடை முடிந்து முதல் மழை இறங்கியதும் காட்டில் ஊர்ந்து வரும் சிவப்பு வெல்வெட் பூச்சி. பட்டுப்பூச்சி, தம்பலப்பூச்சி என்றெல்லாம் ஊருக்கு ஊர் சொல்வார்கள். சங்கப் பாட்டில் அதற்கு மூதாய் என்று பெயர். மூன்றாவது கோழிக்கொண்டைப் பூ. மாலை கட்டுகிறவர்களின் கூடையில் அது கிடப்பதைப் பார்த்தால் இந்த வேலைக்கென்றே பூத்ததுபோல இருக்கும்.

ஏற்றக் கூடாதவையும் இங்கேயே உண்டு. சாத்தனூரில் கிடக்கும் 18 மீட்டர் நீளக் கல்மரம் ஏறத்தாழ 12 கோடி ஆண்டு பழையது. 1940-இல் புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன் அதை அடையாளம் கண்டு சொன்னார். அரியலூர்ச் சுண்ணாம்புப் பாறையில் கிடைக்கும் அம்மோனைட் சுருள்களும், கங்கைகொண்ட சோழபுரத்து விமானமும் அச்சுக்கு அருமையான படங்கள்தாம். ஆனால் அவை கல். கல்லுக்கு மயிர் முளைத்தால் கண் நம்பினாலும் விரல் நம்பாது. அவற்றை நல்ல கறுப்பு மையில் பதித்து அப்படியே விட்டுவிடுங்கள்.

தூளைப் பற்றிக் கொஞ்சம்

ஆலையில் இந்த வேலை மின்சாரத்தால் நடக்கிறது. பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தத்தில் இழைகளுக்கு மின்னூட்டம் ஏறும். அவை பசைப் பரப்பை நோக்கிச் செங்குத்தாகப் பாய்ந்து குத்திட்டு நிற்கும். நெருக்கமும் சீரும் வருவது அதனால்தான். கையால் தூவும்போது இழைகள் சாய்ந்தும் படுத்தும் ஒட்டும். ஆகவே ஆலை வெல்வெட்டின் வழவழப்பு நமக்கு வராது, பஞ்சுத் தன்மை வரும். பருத்திக்கும் பூவுக்கும் அதுதான் பொருத்தம் என்பது என் கருத்து.

தூளில் இரண்டு வகை. ஒன்று, எல்லா இழையும் ஒரே நீளத்தில் வெட்டியது. நைலானும் ரேயானும் பெரும்பாலும் இப்படி வரும். மற்றது, கழிவுப் பஞ்சை அரைத்தெடுத்தது. இழை நீளம் முன்பின்னாக இருக்கும். நைலான் தேய்மானத்துக்குத் தாங்கும், ரேயானில் மினுமினுப்பு இருக்கும், பருத்தித்தூள் மூன்றிலும் மென்மையானது ஆனால் உரசினால் சீக்கிரம் உதிரும். வாழ்த்து அட்டையை யாரும் தினமும் தேய்க்கப்போவதில்லை, பருத்தி போதும்.

தூள் கிடைக்காத ஊரில் நாமே செய்துகொள்ளலாம். பறித்த பஞ்சை அப்படியே மிக்ஸியில் போட்டு அடிக்க வேண்டாம். பருத்தி இழை இரண்டு, மூன்று சென்டிமீட்டர் நீளம். ஒன்றோடொன்று பின்னிக் கட்டி கட்டியாகச் சுருண்டுவிடும். அதைவிட எம்ப்ராய்டரி நூல் அல்லது உல்லன் நூலை முப்பது, நாற்பது இழையாகச் சேர்த்து, நுனியில் செல்லோ டேப் சுற்றி இறுக்கிக்கொள்ளுங்கள். நல்ல கூர்மையான கத்தரிக்கோலால், விரிந்த நுனியை எவ்வளவு பொடியாக முடியுமோ அவ்வளவு பொடியாகக் காகிதத்தின்மேல் நறுக்குங்கள். டீ வடிகட்டியில் சலித்தால் நீள இழைகள் மேலே தங்கிவிடும். ஓர் அட்டைக்கு ஒரு தேக்கரண்டித் தூள் தாராளம்.

மிச்சத்தையும் கழிவையும் வைத்து இப்படிச் செய்வதை இரண்டாந்தரம் என்று நினைக்காதீர்கள். இங்கிலாந்தில் கழிவாக மிஞ்சிய கம்பளி மயிர்த் தூளை ஒட்டித்தான் வெல்வெட் சுவர்த்தாள் செய்தார்கள். 1735 வாக்கில் லண்டன் வைட்ஹாலில், அரசரின் பிரிவி கவுன்சில் அலுவலகச் சுவரில் ஒட்டியிருந்த அத்தகைய தாளை விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் இன்றும் வைத்திருக்கிறது.

அட்டை, அச்சு, பசை

அட்டை 250 முதல் 300 ஜி.எஸ்.எம். கனம் இருக்கட்டும். அதற்கும் மெல்லியது பசை ஈரத்தில் வளைந்துவிடும். வெள்ளை அட்டையில் வெள்ளைப் பஞ்சு தெரியாது. கறுப்பு அட்டையில் சிந்திய ஒவ்வோர் இழையும் பளிச்சென்று தெரியும். பழகுகிறவர்களுக்குக் காக்கி நிற அட்டைதான் நல்லது. கறுப்பு மையும் அதில் எடுப்பாக விழும், பஞ்சும் எடுப்பாகத் தெரியும். புதுச்சேரி ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தில் 1959 முதல் செய்துவரும் கைத்தாள் போன்ற துணிக்கூழ்த் தாளில் வேலை செய்தால், தாள் பசையைக் குடித்துவிடும். முதலில் படத்தின் இடத்துக்கு மெல்லிய பசைப் பூச்சு ஒன்று கொடுத்துக் காயவிட்டு, பிறகு உண்மையான பூச்சைக் கொடுங்கள்.

அச்சில் நுணுக்கமான கோடுகள் வேண்டாம். மயிர் ஏறியதும் கோடுகள் தடித்து ஒன்றோடொன்று சேர்ந்துவிடும். அகலமான, மூடிய வடிவங்கள்தாம் இதற்கு உதவும். ரப்பர் ஸ்டாம்ப் செய்து தரும் கடையில் உங்கள் படத்தைக் கறுப்பு வெள்ளைக் கோட்டோவியமாகக் கொடுத்தால் செய்துதருவார்கள். மரத்தில் வேண்டுமென்றால் பெரம்பலூர் மாவட்டத்திலேயே அரும்பாவூர் இருக்கிறது. வாகையிலும் மாவிலும் வேம்பிலும் சாமி உருவங்கள் செதுக்கும் ஊர். அந்த மரச்சிற்பத்துக்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தெய்வத் திருமுகத்தையே செதுக்கும் கைக்கு ஒரு பருத்திக்காய் பெரிய காரியமில்லை. கேட்கும்போது படத்தின் அளவையும், எழுத்து இருந்தால் அது இடம் வலம் மாறிச் செதுக்கப்பட வேண்டும் என்பதையும் சொல்லிவிடுங்கள். மர அச்சு கடினமானது. அட்டைக்கு அடியில் மடித்த துண்டு ஒன்றை விரித்துக்கொண்டு பதித்தால்தான் படம் முழுதாக விழும். அச்சின் முகத்தில் ஒரு கை வார்னிஷ் இருந்தால் மரம் பசையை உறிஞ்சாது.

அரும்பாவூர் வேலையில் உதிரும் மரத்தூளும் வீணல்ல. உப்புத்தாள் தேய்ப்பில் விழும் மெல்லிய தூளை வேட்டித் துணியில் சலித்து, வெல்வெட் பவுடர் தூவுவதைப் போலவே தூவலாம். வெல்வெட்டாக அது வராது. மங்கலான, சொரசொரப்பான தோல் பரப்பாக வரும். பருத்திக்காயின் காய்ந்த ஓட்டுக்கும் மாட்டின் முதுகுக்கும் அது போதும்.

பசை என்றால் ஃபெவிகால் போன்ற வெள்ளைப் பசைதான். மைதாப் பசை போஸ்டர் ஒட்ட நல்லது, இதற்கு உதவாது. அட்டையை வளைக்கும், இராமபாணப் பூச்சியை அழைத்துவரும். வெள்ளைப் பசையை இரண்டு விதமாகப் பயன்படுத்தலாம். அச்சையே பசையில் தோய்த்துப் பதிப்பது ஒன்று: தட்டையான டப்பாவில் புது ஸ்பாஞ்சு வைத்து, மூன்று பங்கு பசைக்கு ஒரு பங்கு தண்ணீர் கலந்து ஊற்றி, சீக்கிரம் காயாமலிருக்கச் சில சொட்டுக் கிளிசரின் விடுங்கள். கிளிசரின் கூடினால் பசை காயவே காயாது. கை பார்த்து விடவும். பதித்ததும் அச்சை உடனே தண்ணீரில் போட்டுப் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவ வேண்டும். காய்ந்த பசை கோடுகளுக்குள் புகுந்துவிட்டால் அச்சு கெட்டதுதான்.

மற்ற முறை எனக்கு மிகப் பிடித்தது. படத்தை முதலில் மையில் பதித்துக் காயவிட்டு, வேண்டிய இடத்தில் மட்டும் மருதாணி கோனால் பசை வைப்பது. காலிக் கோன் ஒன்றைச் சுருட்டி, பசையை நிரப்பி, நுனியில் ஊசிமுனை அளவு ஓட்டை போடுங்கள். கையில் மருதாணிக் கொடி போட்டுப் பழகிய பெண்களுக்கு இதில் சொல்லிக்கொடுக்க ஒன்றுமே இல்லை; அழுத்தும் பதம் விரலுக்கு ஏற்கெனவே தெரியும். மை மட்டும் தண்ணீருக்குக் கரையாததாக இருக்க வேண்டும். அலுவலக ஸ்டாம்ப் பேட் மை பெரும்பாலும் பசை ஈரத்தில் ஊறிப் பரவும். ஓரத்தில் பதித்து, காய்ந்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

பருத்தி அட்டை

ஏ5 அளவுத் தாளை எடுத்து நடுவில் மடிப்புக் கோட்டை முதலிலேயே போட்டுவிடுங்கள். தீர்ந்த பால்பாயிண்ட் ரீஃபிலும் ஸ்கேலும் போதும். மடித்து விரித்து, தட்டையாக வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். மயிர் ஏற்றிய பிறகு மடித்தால் மடிப்பு அழுத்தத்தில் பஞ்சு நசுங்கும்.

படத்தைக் கறுப்பு மையில் பதியுங்கள்: தண்டு, இரண்டு இலை, வெடித்து விரிந்த ஓடு, நடுவே நான்கைந்து சுளை. மை காய்ந்ததும் ஒவ்வொரு சுளைக்கும் தனித்தனியாகப் பசை வையுங்கள். சுளைக்கும் சுளைக்கும் நடுவே ஒரு மயிரிழை இடைவெளி விடுவது கட்டாயம். அந்த இடைவெளி இல்லாவிட்டால் காய் முழுதும் ஒரே வெள்ளைத் திட்டாகிவிடும், பருத்தி என்று யாருக்கும் தெரியாது. பசையின் கனமும் பார்த்து வைக்க வேண்டும். தடித்து வைத்தால் இழை அதில் மூழ்கிக் கெட்டிப்படும். மெலிந்து வைத்தால் தூள் விழுவதற்குள் மேல்தோல் கட்டிவிடும். பளபளப்பு மாறாத ஈரமாக, தாளின் கனத்துக்கு இருந்தால் சரி.

பசையோடு, ஏற்றப்போகும் தூளின் நிறத்தையே போஸ்டர் கலரில் துளி கலந்துகொள்ளுங்கள். இழைகளுக்கு நடுவே அடிப்பரப்பு தெரிந்தாலும் அப்போது கண்ணை உறுத்தாது. பருத்திக்கு அப்பட்ட வெள்ளை கூடாது. காட்டில் வெடித்த பஞ்சு லேசாகப் பால் நிறம். வெள்ளையில் மஞ்சள் ஊசிமுனை அளவு சேர்த்தால் அந்த நிறம் வந்துவிடும்.

இப்போது தூளைத் தூவ வேண்டாம், குவியுங்கள். சுளைகள் முழுக்க மறையும்படி கொட்டி, மேலே ஒரு தாளை வைத்து உள்ளங்கையால் ஒரேயொரு முறை மெதுவாக அமுக்குங்கள். ஒரே நீளத்தில் வெட்டிய ரேயான், நைலான் தூளாக இருந்தால் அமுக்கவும் கூடாது. அட்டையின் அடியில் விரலால் சுண்டிக்கொண்டே இருங்கள், அந்த அதிர்வில் இழைகள் கொஞ்சமாவது நிமிரும். மூன்று நிமிடம் கழித்து அட்டையைச் சாய்த்து, பின்பக்கம் தட்டி, மிச்சத் தூளைச் செய்தித்தாளில் கொட்டி டப்பாவுக்கே திருப்பிவிடுங்கள். வாயால் ஊதாதீர்கள். ஒட்டாத இழையைத் துடைக்கும் ஆசையும் அன்று வேண்டாம். ஓர் இரவு காய்ந்தபின் காய்ந்த, மெல்லிய பிரஷ்ஷால் ஒரே திசையில் தட்டிவிட்டால் தானாகப் போகும். சுளை இன்னும் உப்பலாக வேண்டுமென்றால் மறுநாள் நடுவில் மட்டும் ஒரு பொட்டுப் பசை வைத்து மறுபடி ஏற்றலாம்.

கறுப்பு அட்டைதான் வேண்டும், கரிசல் மண்போல இருக்க வேண்டும் என்று விரும்புகிறவர்கள் படத்தை வேறு தாளில் செய்து காயவைத்து, வெட்டி எடுத்துக் கறுப்பு அட்டையில் ஒட்டுங்கள். வேலை ஒன்று கூடும். அட்டை துப்புரவாக இருக்கும்.

குழந்தைகளுக்கு வெல்வெட் பூச்சி

இதற்கு அச்சே வேண்டாம். குழந்தையின் சுட்டுவிரல் நுனியைச் சிவப்புக் கலந்த பசையில் தொட்டு அட்டையில் ஒற்றச் சொல்லுங்கள். முட்டை வடிவில் ஒரு ரேகை விழும். அதன்மேல் சிவப்புத் தூளைக் குவித்து உதறினால் பூச்சியின் உடல் தயார். காய்ந்தபின் பக்கத்துக்கு நான்காக எட்டுக் கால்களை மெல்லிய பேனாவால் வரைய வேண்டும். கால்களுக்கு மயிர் ஏற்ற வேண்டாம். ஆறு கால் போடும் குழந்தைகளைக் கொஞ்சம் நிறுத்தி, பூச்சி என்று நாம் கூப்பிட்டாலும் அது சிலந்தியின் சுற்றத்தைச் சேர்ந்த உண்ணி இனம், அதனால் எட்டுக்கால் என்று சொல்லிக்கொடுங்கள். ஆடியில் காட்டில் அதைப் பார்க்கும்போது கால்களை எண்ணிப் பார்ப்பார்கள்.

மேகமும் வெயிலும்

சித்திரை, வைகாசியில் பசை நிமிடத்தில் தோல் கட்டும். ஒரு சுளைக்குப் பசை வைத்ததும் உடனே தூளைக் கொட்டி, அடுத்த சுளைக்குப் போங்கள். அந்தக் காய்ச்சலில் நைலான், பாலியஸ்டர் இழைகள் நிலைமின்னால் அட்டை முழுக்க ஒட்டிக்கொள்ளும். வெளிர் அட்டையானால் பசை வைப்பதற்கு முன் முகப்பவுடரைத் துணியில் தொட்டு லேசாகத் தடவித் துடையுங்கள். கறுப்பு அட்டையில் பவுடரே தெரியும், அங்கே ஈரத்துணி ஒன்றை அறையில் தொங்கவிடுவதே வழி. ஐப்பசி, கார்த்திகையில் எல்லாம் தலைகீழ். ஒரு நாளில் காய வேண்டியது இரண்டு நாள் ஆகும். ஈரம் முழுக்கப் போகாமல் அட்டைகளை அடுக்காதீர்கள்; அடுக்கினால் பூஞ்சை பிடிக்கும்.

தையல்கடை மிச்சத்தில் ஒரு வேலை

பசையும் தூளும் இல்லாமல், இதைத் திருப்பிச் செய்யும் முறை ஒன்று உண்டு. ரவிக்கை தைத்ததில் மிஞ்சிய வெல்வெட் துண்டை வாங்குங்கள். ரப்பர் அல்லது மர அச்சை முகம் மேலே பார்க்க வைத்து, அதன்மேல் வெல்வெட்டின் மயிர்ப்பக்கம் படும்படி கவிழ்த்து, துணியின் பின்பக்கம் லேசாகத் தண்ணீர் தெளித்து, சூடான இஸ்திரிப் பெட்டியைப் பத்துப் பதினைந்து வினாடி நகர்த்தாமல் அழுத்துங்கள். அச்சுப் பட்ட இடம் படிந்துவிடும், படாத இடம் நிமிர்ந்தே இருக்கும். ரேயான் கலந்த வெல்வெட்டில் படம் நன்றாக நிற்கும். ஒளி ஊடுருவும் பாலிமர் அச்சை வைத்துவிடாதீர்கள், சூட்டில் உருகிப் போகும். நீராவி ஓட்டை உள்ள பெட்டியானால் ஓட்டை இல்லாத பகுதியால் அழுத்துங்கள். கோழிக்கொண்டைப் பூவின் மடிப்புகள் இந்த முறையில்தான் அழகாக விழுகின்றன; அந்தத் துண்டைப் பூவடிவில் வெட்டி அட்டையில் ஒட்டிக்கொள்ளலாம்.

நுரையீரல்

இதைப் படிக்காமல் தாண்டிவிடாதீர்கள். 1990-களில் அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் நைலான் தூள் வெல்வெட் ஆலையில் வேலை செய்தவர்களுக்கு மூச்சுத்திணறலோடு ஒரு நுரையீரல் நோய் வந்தது. மருத்துவ உலகம் அதற்கு ஃப்ளாக் தொழிலாளர் நுரையீரல் என்றே பெயர் வைத்தது. பஞ்சு ஆலைத் தூசியால் வரும் நெஞ்சு இறுக்கம் நூற்பாலை ஊர்க்காரர்களுக்குத் தெரியாததல்ல. வீட்டில் எப்போதாவது நாலு அட்டை செய்கிறவர்களுக்குப் பெரிய ஆபத்தில்லை. ஆனால் மகளிர் குழுவாக ஒரே அறையில் நாள் முழுக்கச் செய்தால் நிலைமை வேறு. எல்லோரும் மாஸ்க் போட வேண்டும், தூவும் நேரத்தில் மின்விசிறி ஓடக் கூடாது, தரையைப் பெருக்காமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு அச்சுப் பதிக்கும் வேலையைக் கொடுங்கள், தூவும் வேலையைக் கொடுக்க வேண்டாம். கைக்குழந்தை அந்த அறையிலேயே இருக்கக் கூடாது.

பார்வை இல்லாதவருக்கு அனுப்பும்போது

இந்த வேலை வெறும் அலங்காரமல்ல என்று நான் சொல்லக் காரணம் இதுதான்: பார்வையற்றவர் ஒருவருக்கும், கண்ணில் புரை விழுந்த பாட்டிக்கும் ஒரு படத்தை இதனால் அனுப்ப முடியும். அப்போது படத்தை எளிதாக்குங்கள். ஓர் அட்டையில் ஒரே பொருள், பெரிதாக. சுளைகளுக்கு நடுவே மயிரிழை இடைவெளி விரலுக்கு எட்டாது. அதை நான்கைந்து மில்லிமீட்டராக அகட்டுங்கள். ஓட்டுக்கு மரத்தூள், சுளைக்குப் பருத்தித்தூள் என்று இரண்டு பரப்பு இருந்தால் எங்கே ஓடு முடிந்து பஞ்சு தொடங்குகிறது என்று விரல் கண்டுகொள்ளும்.

தபாலில்

ஏ5 தாளில் 300 ஜி.எஸ்.எம். அட்டை ஏறத்தாழ 9 கிராம் நிற்கும். உறையும் தூளும் பசையும் சேர்த்தாலும் கடிதத்துக்கான முதல் 20 கிராம் எல்லைக்குள் அடங்கிவிடும். ஒட்டுவேலை கூடிய அட்டையை மட்டும் எடை பார்த்துத் தபால்தலை ஒட்டுங்கள். படத்தின்மேல் ஒரு பட்டர் பேப்பர் வைத்துவிட்டு உறையில் போடுங்கள். தபால்தலைமேல் முத்திரை இடிப்பது உறையின் வலது மேல் மூலையில். உள்ளே அந்த மூலைக்கு நேராகப் பஞ்சு வராதபடி படத்தை இடப்பக்கமாக, கீழே தள்ளிப் பதித்திருக்க வேண்டும். பதிக்கும் முன்பே உறையை அட்டைமேல் வைத்து, அந்த மூலையைப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள்.